பீ ஜீஸ்: நாம் கவனிக்காமல் விட்ட மூன்றாவது குரல்

பழைய_கேசட்:
இங்கே பீ ஜீஸ் என்ற கிப் சகோதரர்களின் பாட்டுக் குழுவைப் பற்றிப் பேச்சு எப்போது எழுந்தாலும் வெள்ளை சூட், டிஸ்கோ, பாரியின் உச்சக்குரல் என்று மூன்றே விஷயத்தில் முடிந்துவிடுகிறது. அவர்களை முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டு வருகிறவன் நான். மனதில் இருப்பதை ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த இழை.

நான் சொல்ல வருவது மோரிஸ் கிப் பற்றி. மூன்று சகோதரர்களில் ரேடியோவில் பெயர் சொல்லப்படாதவர் அவர். பாரி மூத்தவர், ஆள் அழகு, பாட்டு எழுதுவதில் முன்னே நிற்பவர். ராபினின் குரலில் இருக்கும் நடுக்கம் ஒரு தடவை கேட்டாலே மறக்காது. மோரிஸ்? "அந்தத் தொப்பிக்காரர்" என்பார்கள். ஆனால் என் காதுக்கு அந்தக் குழுவைக் கட்டி வைத்திருந்த கயிறு அவர்தான். அவர் போனதும் பீ ஜீஸ் நின்றுபோனது தற்செயல் இல்லை என்று நம்புகிறேன்.

முதலில் ஊர், வயசு. பாரி 1946 செப்டம்பர் 1. ராபினும் மோரிஸும் இரட்டையர், 1949 டிசம்பர் 22. ராபின் 35 நிமிஷம் மூத்தவர். மூவருமே பிறந்தது ஐல் ஆஃப் மேன் தீவில், டக்ளஸ் என்ற ஊரில். அப்பா ஹியூ டிரம்ஸ் வாசிப்பவர், நடன இசைக்குழு வைத்திருந்தவர். 1955இல் குடும்பம் மான்செஸ்டருக்குத் திரும்பியது. அங்கே கௌமான்ட் தியேட்டரில் சிறுவர்களுக்கான காலைக் காட்சியின் நடுவே, இசைத்தட்டைச் சுழலவிட்டு அதற்கு வாயசைக்கப் போனார்கள். போகிற வழியில் தட்டு கீழே விழுந்து உடைந்துபோனது. வேறு வழியில்லாமல் சொந்தக் குரலில் பாடினார்கள். இதை அவர்களே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். அப்போது இரட்டையருக்கு எட்டு வயசுதான் இருக்கும்.

மற்றவர்களும் எழுதுங்கள். டிஸ்கோவைத் தாண்டிப் பேசுவோம்.

புதுசு_காது:
அண்ணா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 'ஸ்டேயிங் அலைவ்' மட்டும்தான் தெரியும், அதுவும் ரீல்ஸில் வந்த துண்டு. மூவரும் அண்ணன் தம்பி என்பதே இப்போதுதான் தெரிகிறது. டிஸ்கோவுக்கு முன்னால் என்ன பாடினார்கள்? ஆஸ்திரேலியக் குழு என்றும் எங்கோ படித்த ஞாபகம். நீங்கள் மான்செஸ்டர் என்கிறீர்கள். எது சரி?

பிரிஸ்பேன்_வாசி:
இரண்டுமே சரி தம்பி. 1958இல குடும்பத்தோட கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தவை. கடைசித் தம்பி அண்டி அப்ப கைக்குழந்தை, சில மாசம்தான். வந்து இருந்தது குயின்ஸ்லாந்தில, ரெட்கிளிஃப் எண்ட கடற்கரை ஊரில. நான் இருக்கிற இடத்தில இருந்து கார் ஓட்டினா முக்கால் மணித்தியாலம்.

அங்க ஒரு ஸ்பீட்வே இருந்தது, கார் பந்தயத் திடல். ஓட்டங்களுக்கு இடையில இந்தப் பெடியள் மைக்கில பாடுவினம், சனம் பாதைக்குள்ள சில்லறை எறியும். பாடி முடிய ஓடிப் பொறுக்கிறதுதான் அவைன்ர சம்பளம். பந்தயத்தை நடத்தினவர் பில் குட். அவர் வானொலி அறிவிப்பாளர் பில் கேட்ஸ் எண்டவரிட்ட கூட்டிக்கொண்டு போனார் (கணினிக்கார பில் கேட்ஸ் இல்லை, இவர் வேற ஆள்). ரெண்டு பேரின்ர முதலெழுத்தும் பி, ஜி. பாரி கிப்புக்கும் அதே பி, ஜி. அப்பிடி வந்ததுதான் பீ ஜீஸ். "பிரதர்ஸ் கிப்" எண்டு விளங்கிக்கொள்ளுறது பிறகு வந்த வழக்கம்.

2013இல ரெட்கிளிஃப் நகரத்துக்குள்ள எழுபது மீட்டர் நடைபாதை ஒண்டை "பீ ஜீஸ் வே" எண்டு திறந்தவை. கடற்கரை வீதியில இருந்து பின் வீதிக்குப் போற ஒழுங்கை அது. சுவர் நெடுகப் படங்கள். பெடியன்களா இருந்த மூண்டு பேருக்கும் வெண்கலச் சிலை. காலில செருப்பில்லை. நான் முதல் தடவை போன அண்டைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த வெறுங்கால் விரல்களில தண்ணி நிண்டது. கன நேரம் பார்த்துக்கொண்டு நிண்டனான். சில்லறை பொறுக்க ஓடின கால்கள் அல்லவா.

அவை இருந்த கிரிப் ஐலண்ட் எண்ட இடம் இப்ப இல்லை. விமான நிலையம் கட்ட ஊரையே எடுத்துப்போட்டாங்கள். பிரிஸ்பேனில விமானம் இறங்கிற ஆக்கள் அந்தப் பக்கத்தாலதான் இறங்கினம்.

பழைய_கேசட்:
பிரிஸ்பேன் ஐயா, அந்தக் கால் விரல் விஷயத்துக்கு நன்றி. படத்தில் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

புதுசு தம்பிக்கு: ஆஸ்திரேலியாவில் 1963இல் ஒப்பந்தம் கிடைத்தது. வரிசையாக வந்த தட்டுகள் பெரிதாகப் போகவில்லை. 1966 கடைசியில் 'ஸ்பிக்ஸ் அண்ட் ஸ்பெக்ஸ்' எடுபட்டது. ஆனால் அதற்குள் இங்கிலாந்து போவதென்று முடிவாகிவிட்டது, 1967 ஜனவரியில் கப்பலேறிவிட்டார்கள். லண்டனில் ராபர்ட் ஸ்டிக்வுட் அவர்களை எடுத்துக்கொண்டார். பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைனோடு அப்போது வேலை பார்த்தவர் அவர்.

அங்கே போய்ப் போட்ட முதல் தட்டு 'நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941'. சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டவன் தன் மனைவியின் படத்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டுகிறான், அவ்வளவுதான் பாட்டு. வேல்ஸில் ஆபர்ஃபான் என்ற ஊரில் 1966 அக்டோபரில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்தத் துயரம்தான் இந்தப் பாட்டுக்கு வித்து. ஸ்டுடியோ படிக்கட்டில், விளக்கில்லாத இருட்டில், எதிரொலி கேட்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். பாரிக்கு இருபது, தம்பிகளுக்குப் பதினேழு. டிஸ்கோ குழு என்று இவர்களை யாராவது ஒதுக்கும்போது எனக்கு இந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வரும்.

அதே வருஷம் 'டு லவ் சம்படி'. ஓடிஸ் ரெட்டிங் பாட வேண்டும் என்று எழுதியது, பாடாமலேயே அந்த டிசம்பரில் அவர் விமான விபத்தில் போய்விட்டார். அதே வருஷம் 'மாசசூசெட்ஸ்', இங்கிலாந்தில் முதலிடம். அப்போது குழுவில் ஐந்து பேர்: மூன்று சகோதரர்கள், கிதாருக்கு வின்ஸ் மெலூனி, டிரம்ஸுக்குக் காலின் பீட்டர்சன். மோரிஸ் பாஸ் கிதார், பியானோ, மெலட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்ட்) எல்லாம் வாசித்தார். 'வேர்ட்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் கனமாக ஒலிக்குமே ஒரு பியானோ, அந்த ஒலி அவர் ஸ்டுடியோவில் நோண்டிக் கண்டுபிடித்தது.

ராபின்_பக்கம்:
மோரிஸுக்கு மரியாதை உண்டு. ஆனால் கயிறு அவர்தான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1967–69 பீ ஜீஸ் என்றால் அது ராபின். 'மாசசூசெட்ஸ்' அவர் குரல். 'ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்' அவர் குரல். பதினெட்டு வயசுப் பையன் பாடினது என்று சொன்னால் நம்ப முடியுமா? எழுபது வயசுக்காரர் மாதிரி எல்லாம் இழந்தபிறகு பாடுகிற பாட்டு அது. விமானத்தில் போகும்போது எஞ்சின் இரைச்சலுக்குள் அந்த மெட்டு கேட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1967 நவம்பரில் லண்டனின் ஹிதர் கிரீனில் ரயில் தடம் புரண்டு 49 பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் ராபின் இருந்தார், உயிர் தப்பினார். அதற்குப் பிறகு வந்த பாட்டுகளை அதை மனதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

1969இல் அவர் விலகிய கதையையும் எழுதுங்கள். 'ஒடெஸ்ஸா' என்ற இரட்டை ஆல்பத்தில் எந்தப் பாட்டைத் தனித்தட்டாக விடுவது என்று தகராறு. பாரி பாடிய 'ஃபர்ஸ்ட் ஆஃப் மே' முன்பக்கம், ராபின் பாடிய 'லாம்ப்லைட்' பின்பக்கம். ராபின் வெளியே போய்விட்டார். தனியாகப் பாடிய 'சேவ்ட் பை த பெல்' இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரை போனது. குரல் இருந்தால் தனியாகவும் நிற்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

பழைய_கேசட்:
தகராறு நடந்தது உண்மை. அந்த வயசில் அப்படி ஒரு புகழ் வந்தால் எந்த வீட்டிலும் நடக்கும். ஆனால் பிரிந்தபிறகு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். பாரியும் மோரிஸும் கொஞ்ச காலம் இருவராக ஓட்டினார்கள். அப்புறம் அவர்களும் பிரிந்தார்கள். 1970இல் மறுபடி கூடியபோது முதலில் சேர்ந்தது ராபினும் மோரிஸும்தான், பாரி பிறகு வந்தார். இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய ஆளாக இருந்தது யார்?

கூடிய கையோடு பிறந்த பாட்டுகள் 'லோன்லி டேஸ்', 'ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்'. இரண்டாவது பாட்டுதான் 1971இல் அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் முதலிடம். பிரிந்து கிடந்த அண்ணன் தம்பிகள் ஒரே அறையில் உட்கார்ந்து "உடைந்த மனசை எப்படி ஒட்டவைப்பது" என்று எழுதியிருக்கிறார்கள். வரியைப் படிக்கும்போது காதல் பாட்டு. அந்த அறையை நினைத்துக்கொண்டு கேட்டால் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

ஆல்ட்டோ:
அண்ணன், நான் பாளையங்கோட்டைப் பக்கம். சபைப் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷமாக ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறேன். அதனால் இந்த "மூன்றாவது குரல்" விஷயத்தில் எனக்கும் சொல்ல உண்டு.

ஆல்ட்டோ பாடுகிறவளை யாருக்கும் காதில் விழாது. ஞானப்பாட்டின் ராகம் மேல்குரலான சொப்ரானோவிடம் இருக்கும், வீட்டுக்குப் போகும்போது சபையார் முணுமுணுப்பது அதைத்தான். நாங்கள் பாடுவது பல நேரம் ஒரே சுரத்தில் நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி ஏறி வருவது. தனியாகப் பாடிக் காட்டினால் "இது என்ன பாட்டு" என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் ஒரு ஞாயிறு ஆல்ட்டோ இரண்டு பேர் வராவிட்டால் கோவிலே காலியாகக் கேட்கும். என்ன குறைகிறது என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்' பாட்டின் பல்லவியைச் சோல்ஃபா சுரக்குறிப்பில் எழுத உட்கார்ந்தேன். மேல் ராகம் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கீழ்க்குரலும் வந்தது. நடுவில் இருப்பதைப் பிடிக்க முடியவில்லை. ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்ப நாலு வார்த்தையைச் சுற்றவிட்டுக் கேட்டேன். ஒரு நிமிஷம் பிடித்துவிட்டேன் என்று நினைப்பேன், அடுத்த சொல்லில் மேல்குரலுக்குள் கரைந்துவிடும். மூன்று பேர் என்று தெரியும், எண்ண முடியவில்லை. நான் எழுதின பக்கத்தில் நடு வரி இன்னும் பாதி வெறுமையாகத்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் அக்கா தங்கை இருவர் உண்டு. அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இப்படித்தான் ஆகும். "ஆ" என்று வாய் திறந்தால் இருவர் வாயும் ஒரே அளவு திறக்கும். மூச்சும் ஒரே இடத்தில் வாங்குவார்கள், யாரும் சொல்லித் தரவில்லை. ரத்தம்தான் அது.

ராபின்_பக்கம்:
ரத்தம் என்பதை நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. அண்ணன் தம்பி எல்லோரும் சேர்ந்து பாடினால் இப்படி வருமா? என் அண்ணனும் நானும் பாடினால் வீட்டில் யாரும் நிற்க மாட்டார்கள். பாரியின் குரலும் ராபினின் குரலும் எவ்வளவு வேறு! ஒன்று காற்று கலந்த மெல்லிய குரல். மற்றது அழுகையை அடக்கிக்கொண்டு வருகிற மாதிரி நடுங்குகிற குரல். இரட்டையரான ராபினுக்கும் மோரிஸுக்குமே குரல் ஒரே மாதிரி இல்லை.

அது பயிற்சி. ஏழெட்டு வயசிலிருந்து ஒரே அறையில் படுத்து, ஒரே மைக்கில் பாடி வந்தது. ஒரே மைக் என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஆள் கிடையாது, தள்ளி நிற்பதும் நெருங்கி நிற்பதும்தான் வழி. பக்கத்தில் இருப்பவனைக் கேட்காமல் பாடவே முடியாது. வீட்டில் மில்ஸ் பிரதர்ஸ் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களும் சகோதரர்கள்தான்.

ஆல்ட்டோ:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். குரலின் நிறம் வேறுதான். ஒன்றாக இருப்பது உச்சரிப்பு. மான்செஸ்டர் தெருவில் கற்ற ஆங்கிலம், அதன்மேல் ஆஸ்திரேலியா ஏறினது, அதையும் மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் ஏற்றிக்கொண்டார்கள். உயிரெழுத்தை எல்லோரும் ஒரே மாதிரி வாயில் உருட்டினால் சுருதி தானாக ஒட்டும். எங்கள் குழுவில் பாதி ஒத்திகை இதற்கே போகிறது, ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு "ஏ".

அப்படிப் பார்த்தால் ரத்தம், பயிற்சி என்று பிரிக்க வேண்டாம், ஒரே வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுசு_காது:
நேற்று 'ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்' கேட்டேன். 'ஸ்டேயிங் அலைவ்' பாடினவர்கள்தான் இது என்று நம்பவே முடியவில்லை. இங்கிருந்து அங்கே எப்படிப் போனார்கள்?

பழைய_கேசட்:
கீழே விழுந்துதான் போனார்கள். 1972க்குப் பிறகு பாட்டு எடுபடவில்லை. ஒரு முழு ஆல்பத்தையே கம்பெனி வேண்டாம் என்று திருப்பிவிட்டது. 1974இல் இங்கிலாந்தின் வடக்கே பேட்லி வெரைட்டி கிளப் மாதிரியான இடங்களில், ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாட வேண்டிய நிலைமை. பாரிக்கு இருபத்தேழு வயசு, பழைய பாட்டுக்காரர் ஆகிவிட்டார்.

எரிக் கிளாப்டனும் ஸ்டிக்வுட்டிடம்தான் இருந்தார். மயாமி போய்ப் பாருங்கள் என்று சொன்னது அவர். அங்கே பதிவு செய்தபோது அவர் தங்கியிருந்த அதே 461 ஓஷன் புலவார்ட் வீட்டில் இவர்களும் 1975 தொடக்கத்தில் போய் இறங்கினார்கள். கிரைட்டீரியா ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின். வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில் ஜூலியா டட்டில் பாலம். பாலத்தின் இணைப்புகளில் கார் சக்கரம் ஏறி இறங்கும்போது "சக்க சக்க" என்று ஒரு சத்தம் வரும். பாரியின் மனைவி லிண்டா அதைக் கவனித்துச் சொன்னார். 'டிரைவ் டாக்கிங்' என்று தொடங்கி 'ஜைவ் டாக்கிங்' ஆனது. பீ ஜீஸ் என்றால் எடுத்து வைத்துவிடுவார்கள் என்று பயந்து, பெயர் ஒட்டாத தட்டாக வானொலிக்காரர்களுக்கு அனுப்பினார் ஸ்டிக்வுட். அமெரிக்காவில் முதலிடம்.

ராபின் தம்பி விமானத்தைச் சொன்னாரே, இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் எஞ்சின் இரைச்சலில் மெட்டு கேட்டார், இன்னொருவர் பாலத்தில் தாளம் கேட்டார். மூவரில் யாருக்கும் இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது எந்த நேரமும் திறந்தே இருந்தது.

அந்த உச்சக்குரலும் இங்கேதான் வந்தது. 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பாட்டின் முடிவில் யாராவது கத்த முடியுமா, ஆனால் சுருதியோடு, என்று மார்டின் கேட்டார். பாரி முயன்று பார்த்தார். தன்னிடம் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று இருபத்தெட்டு வயசில் கண்டுபிடித்தார்.

ராபின்_பக்கம்:
என் வருத்தம் தொடங்குவது அங்கேதான். 1975 முதல் 1979 வரை வந்த பெரிய பாட்டுகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், முன்குரல் எல்லாம் பாரி. ராபின் எழுதினார், ஆமாம். எது வேண்டும், எது கூடாது என்று சொன்னார், ஆமாம். ஆனால் மைக் முன்னால் அவர் குரல் எங்கே? ஒரு குழுவின் மிகப் பெரிய வருஷங்களில் அதன் மிக அபூர்வமான குரல் பின்வரிசையில் நின்றது. 1983இல் தனியாக 'ஜூலியட்' பாடி ஜெர்மனியில் முதலிடம் வாங்கினார். கேட்க ஆள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

பழைய_கேசட்:
இதில் உங்களோடு சண்டை இல்லை. எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

இரவுப்பணி:
நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பாட்டு விஷயம் அதிகம் தெரியாது. ஆனால் 'ஸ்டேயிங் அலைவ்' எங்கள் பயிற்சியில் வருகிற பாட்டு, அதனால் எழுதுகிறேன்.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகப் போய்விடுவார்கள், ஆழம் குறையும். இந்தப் பாட்டின் தாளம் நிமிஷத்துக்கு 103 சொச்சம். மனசுக்குள் ஓடவிட்டால் கை தானாக நிதானத்துக்கு வரும். பொம்மையில் பழகும்போது சிரித்துக்கொண்டே பாடுவார்கள். நிஜத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு என் தலைக்குள் அது ஓடியிருக்கிறது, ஒரு தடவைக்கு மேல். அதில் ஒருவர் நடந்து வீட்டுக்குப் போனார். பாடினவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

பழைய_கேசட்:
சகோதரி, இந்த இழையில் வந்த மிகப் பெரிய பதிவு உங்களுடையது. வணக்கம்.

அந்தத் தாளம் அப்படி அசையாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1977இல் பிரான்சில் ஷாட்டோ டெரூவில் என்ற பழைய மாளிகை ஸ்டுடியோவில் பதிவு நடந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் டென்னிஸ் பிரையன் குடும்ப நிமித்தம் அவசரமாக ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. என்ன செய்வது? ஏற்கனவே பதிவான 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து சில நொடி டிரம்ஸை மட்டும் எடுத்து, நாடாவை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கினார்கள். நீளமான வளையம் என்பதால் மைக் ஸ்டாண்டில் மாட்டி, தொய்யாமல் இருக்க ஒரு காலி நாடாச் சக்கரத்தைப் பாரமாகத் தொங்கவிட்டுச் சுழலவிட்டார்கள். இணைத் தயாரிப்பாளர்கள் ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் செய்த வேலை. முதலில் இருந்து கடைசி வரை ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது, மனிதக் கை போல் இழுக்கவோ முந்தவோ செய்யாது. வாசித்தவர் பெயர் "பெர்னார்ட் லூப்" என்று எழுதிவிட்டார்கள், அப்படி ஒரு ஆளே கிடையாது. அதே வளையம் 'மோர் தேன் எ வுமன்' பாட்டிலும் இருக்கிறது.

'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்துக்காக, அதன் திரைக்கதையைப் படிக்காமல் கொடுத்த பாட்டுகள் இவை. அந்த ஆல்பம் 1978இல் அமெரிக்காவில் தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த வருஷம் மார்ச் முதல் வாரத்தில் 'ஸ்டேயிங் அலைவ்' முதலிடத்திலிருந்து இறங்கியது, இடத்தைப் பிடித்தது தம்பி ஆண்டியின் பாட்டு, அதை இறக்கியது 'நைட் ஃபீவர்'. வீட்டுக்குள்ளேயே நாற்காலி மாறிக்கொண்டிருந்தது. 1979இல் 'டூ மச் ஹெவன்', 'டிராஜடி', 'லவ் யூ இன்சைட் அவுட்' மூன்றும் முதலிடம். முந்தைய மூன்றோடு சேர்த்துத் தொடர்ந்து ஆறு தட்டு. அதில் 'டூ மச் ஹெவன்' பாட்டின் உரிமைத் தொகையை யுனிசெஃபுக்குக் கொடுத்தார்கள்.

அந்த ஜூலை 12ஆம் தேதி சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். வானொலிகள் பீ ஜீஸ் இல்லாத வாரக்கடைசி என்று விளம்பரம் செய்தன. மூன்று வயசில் ரசித்துத் தூக்கி வைத்த குழந்தையை நாலு வயசில் தெருவில் விட்ட மாதிரி.

பிரிஸ்பேன்_வாசி:
அதுக்குப் பிறகு அவை என்ன செய்தவை எண்டதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. தங்கட குரலை வானொலி போடாது எண்டால், மற்றவைக்கு எழுதிக் குடுப்பம் எண்டு இருந்துட்டினம். பார்ப்ரா ஸ்ட்ரைசண்டுக்கு 1980இல 'வுமன் இன் லவ்'. டியான் வார்விக்குக்கு 'ஹார்ட்பிரேக்கர்'. கென்னி ரோஜர்சும் டாலி பார்ட்டனும் பாடின 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்', அது 1983இல அமெரிக்காவில முதலிடம். டயானா ராஸுக்கு 'செயின் ரியாக்‌ஷன்', 1986இல இங்கிலாந்தில முதலிடம். கேட்ட சனத்துக்கு எழுதினது ஆரெண்டு தெரியாது.

பிறகு 1987இல தங்கட பேரிலயே 'யூ வின் அகெயின்', இங்கிலாந்தில முதலிடம். அறுபது, எழுபது, எண்பது எண்டு மூண்டு பத்தாண்டிலயும் அங்க முதலிடம் பிடிச்ச முதல் குழு இவைதான்.

அடுத்த வருசம் மார்ச்சில அண்டி போயிட்டார். முப்பது வயசு முடிஞ்சு அஞ்சே நாள். இதயத் தசை அழற்சி.

ஆல்ட்டோ:
'ஹார்ட்பிரேக்கர்' இவர்கள் எழுதியதா! அந்தப் பல்லவிக்குப் பின்னால் வருகிற ஆண் குரலை எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

ராபின்_பக்கம்:
பழைய கேசட் அண்ணா, ஒரு கேள்வி. மோரிஸ் போனபிறகு குழு நின்றது தற்செயல் இல்லை என்று முதல் பதிவில் எழுதினீர்கள். மிச்சம் இருந்த இருவரும் பாடக்கூடியவர்கள், எழுதக்கூடியவர்கள். அப்படியும் ஏன் முடியவில்லை என்று நினைக்கிறீர்கள்?

பழைய_கேசட்:
2003 ஜனவரி 12, மயாமி. குடல் முறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், இதயம் நின்றது. 53 வயசு. கொஞ்ச நாளில் பாரியும் ராபினும் பீ ஜீஸ் என்ற பெயரை இனிப் பயன்படுத்துவதில்லை என்று சொன்னார்கள். 2012 மே மாதம் ராபினும் புற்றுநோயில் போனார்.

உங்கள் கேள்விக்கு என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். பாரிக்கும் ராபினுக்கும் இடையே முன்குரல் யாருக்கு என்ற இழுபறி கடைசி வரை இருந்தது. இருவருமே தவறானவர்கள் இல்லை, இருவருமே பெரிய பாடகர்கள். மூன்றாவது ஆள் அதைக் கேட்கவே இல்லை. ஆல்பத்துக்கு ஒரு பாட்டு, சில ஆல்பத்தில் அதுவும் இல்லை. மேலே ஆள் தேவை என்றால் மேலே, கீழே என்றால் கீழே, பியானோ காலியாக இருந்தால் பியானோ. பல வருஷம் குடியோடு போராடி 1991இல் அதை விட்டு மீண்டு வந்தவர். மேடையில் அண்ணன்கள் இருவரையும் சிரிக்கவைத்தவர்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நடுவில் ஒரு சித்தப்பா மகன், கூடவே வளர்ந்தவன். நானும் என் தம்பியும் பேசாமல் இருந்த ஆறு வருஷம் செய்தி கொண்டுபோய்க் கொண்டுவந்தது அவன்தான். அவன் 2016இல் இறந்தான். அதன்பிறகு நானும் தம்பியும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்பது ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. எனக்கு மோரிஸைக் கேட்கத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

ராபின்_பக்கம்:
அண்ணா, இதற்கு நான் மறுப்பு எழுதப் போவதில்லை.

புதுசு_காது:
மோரிஸ் குரலைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றால் எங்கே தொடங்கலாம் அண்ணா?

பழைய_கேசட்:
1969 'ஒடெஸ்ஸா'வில் 'சடன்லி'. 1971இல் 'ட்ரஃபால்கர்', அவரே எழுதி, அவரே பாடி, வாத்தியங்களில் பெரும்பாலானதையும் அவரே வாசித்தது. லண்டனில் தனியாக அலைகிற ஒருவனின் பாட்டு, சாயங்காலம் கேளுங்கள். அப்புறம் 1997இல் 'க்ளோசர் தேன் க்ளோஸ்'.

அதற்குப் பிறகு அதே வருஷத்து லாஸ் வேகஸ் கச்சேரியில் ஆண்டியின் பாட்டு வரும் இடத்துக்குப் போங்கள். 'டோன்ட் த்ரோ இட் ஆல் அவே'. மூவரும் மேடையில் பாடுகிறார்கள், நடுவில் திரையில் ஆண்டி வருவார், பதிவு செய்த அவர் குரல் கேட்கும். இறந்து ஒன்பது வருஷம் ஆன தம்பியோடு சேர்ந்து நாலு பேராகப் பாடுகிறார்கள்.

ஆல்ட்டோ:
அண்ணன், நடு வரி எழுதி முடித்துவிட்டேன். அந்த அக்கா தங்கையை நேற்று ஒத்திகை முடிந்து நிறுத்தி வைத்து, ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே பாடச் சொன்னேன். நான் நடுவில் நின்று தேடினேன். அவர்கள் இரண்டு பேரும் பாடும்போது எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே போய் நின்றேன். ஏழாவது தடவை சரியாக விழுந்தது. பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தோம், அவர் நிற்பதும் அங்கேதான்.